ஒருவருக்கு மட்டும் வராத காய்ச்சல்

கொரோனா காலத்தில் பல வீடுகளில் நடந்தது இது. நாலு பேருக்கு இருமல், காய்ச்சல். அவர்களுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்பது பல நேரம் சரியல்ல. கிருமி வந்திருக்கும், அடையாளம் காட்டாமல் போயிருக்கும். ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இப்படி அறிகுறியே இல்லாமல் கடந்துபோவது அதிகம் என்று 2023இல் தெரியவந்தது. பழைய சளிக்கிருமிகளோடு மோதிய அனுபவம் அவர்களுக்குக் கைகொடுத்தது.

உண்மையிலேயே தொற்றாதவர்களும் உண்டு. 2021இல் லண்டனில், தாமாக முன்வந்த 36 இளைஞர்களின் மூக்கில் கொரோனா கிருமியைச் சொட்டாக விட்டார்கள். துணிச்சல்காரர்கள்தான்! ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று நிலைக்கவில்லை. சிலருக்குக் கிருமி மூக்கில் தலைகாட்டியது, உடனே மறைந்தது. அவர்களுடைய மூக்கில் எதிர்ப்பணுக்கள் முந்திக்கொண்டு கூடிவிட்டன. நோயில் விழுந்தவர்களுக்கு அதே அணுக்கள் தாமதமாக வந்தன. வாசலிலேயே மறித்தால் திருடன் வீட்டுக்குள் வருவதில்லை.

வாந்திபேதி தரும் நோரோ வைரஸுக்குக் கதை வேறு. அது பற்றிக்கொள்ளக் குடலில் ஒரு சர்க்கரைப் பிடி வேண்டும். ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பிடியே இல்லை. பிறவியிலேயே இல்லை. அவர்களை நோரோவின் பெரும்பாலான வகைகள் தொடுவதில்லை. சில வகைகள் மட்டும் தொடும்.