பெரியப்பாவின் பயோடேட்டா

(காரைக்குடியில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

பொதுத்துறையும் சமூகநீதியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். புள்ளிவிவரங்களோடு ஒரு கட்டுரை தயாரித்தும் வைத்திருந்தேன். போன வாரம் என் பெரியப்பா, "தம்பி, எனக்கு ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுய்யா" என்று வந்து நின்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்டுரையை எடுத்துவர மனம் வரவில்லை. அவரைப் பற்றியே பேசுகிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரைச் சொல்லாதே என்று மட்டும் சொன்னார்.

அறுபதைத் தாண்டியவர் அவர். 1984-இல், பத்தொன்பது வயதில், தொலைபேசித் துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டுகிற வேலை. காரைக்குடி, தேவகோட்டைச் சாலை ஓரங்களில் இன்றைக்கும் மண்ணுக்குள் கிடக்கிற பழைய செம்புக் கம்பிகளில் கொஞ்சம் அவர் கையால் போட்டதுதான். அந்தக் காலத்தில் பள்ளம் தோண்ட யார் வருவார்கள் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவரோடு தோண்டியவர்களில் பெரும்பாலோர் எங்கள் தெருக்காரர்கள்.

அங்கிருந்து கவுண்டருக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தினக்கூலிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1987 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. நிரந்தர ஊழியர் செய்கிற அதே வேலையைச் செய்கிறவருக்குக் குறைந்த கூலி கொடுப்பது சுரண்டல், ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவர்களை நிரந்தரமாக்க ஒரு திட்டம் போடு என்று நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. 1989-இல் திட்டம் வந்தது. முதலில் தற்காலிக ஊழியர் தகுதி, பிறகு நிரந்தர மஸ்தூர். பெரியப்பா பத்தாம் வகுப்பு தேறியவர். துறைத் தேர்வு எழுதி போன் மெக்கானிக் ஆனார். கம்பம் ஏறி ஏறி முழங்கால் போன பிறகு வாடிக்கையாளர் சேவை மையத்தில் உட்கார வைத்தார்கள். 2000 அக்டோபர் 1-ஆம் தேதி துறையே பிஎஸ்என்எல் நிறுவனமாக மாறியபோது இவரும் அதோடு போனார்.

அந்தக் கவுண்டர் இந்த மண்ணில் என்ன பொருள் தந்தது என்று யோசித்துப் பாருங்கள். காரைக்குடி அன்று இருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930-லும் 1931-லும் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்குத் தடைப் பட்டியல்கள் போட்டார்கள். ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடு மேய்க்கத்தான் போக வேண்டும். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. இதைப் பதிவு செய்தவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன். அதெல்லாம் பழங்கதை என்பவர்கள் தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவிக்குப் போய் வாருங்கள். தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூனில் காவல்துறையின் பலத்த பாதுகாப்போடுதான் ஓடியது.

இந்த ஊரில், மாடு மேய்க்கத்தான் போக வேண்டும் என்று சொல்லப்பட்ட ஒருவரின் பேரன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தது யாரு, வாங்க" என்று கூப்பிட்டார். வெள்ளைவேட்டிப் பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, "சார், லைன் டெட்டா கெடக்கு, கொஞ்சம் பாருங்க சார்" என்றார்கள். அந்த 'சார்' அவருக்குச் சும்மா வரவில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு போராட்டமும் ஒரு தீர்ப்பும் அரசமைப்புச் சட்டமும் இருந்தன. அரசு அலுவலகத்தில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த அலுவலகத்திலும் யாரும் சாதியைச் செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டு வருவதில்லை. ஆனால் அவரை எழுந்து போ என்று சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை. அதுதான் வித்தியாசம்.

எழுந்து போகச் சொன்னது அரசே. 2019 அக்டோபரில் மறுசீரமைப்பு அறிவிப்பு வந்தது. ஐம்பது வயது நிறைந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு. விண்ணப்பிக்க ஒரு மாதம்தான் கால அவகாசம். அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே சம்பளம் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்ததை அன்றைய பத்திரிகைகளைப் புரட்டினால் பார்க்கலாம். தனியார் நிறுவனங்கள் 4ஜியில் ஓடிக்கொண்டிருந்தபோது அரசு நிறுவனத்துக்கு நாடு முழுவதற்குமான 4ஜி கிடையாது. அது 2025 செப்டம்பரில்தான் வந்தது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டப்பந்தயத்தில் தோற்றாய் என்றார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் இருந்த நிறுவனம் அன்று மாலையே பாதியானது. இதற்கு 'விருப்ப' ஓய்வு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

பெரியப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். துறையிலிருந்து வந்தவர் என்பதால் அரசு ஓய்வூதியம். அவர் பட்டினி கிடக்கவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, மகனின் படிப்புக்கடன் இருக்கிறது. அதற்கும் மேலே, காலை ஒன்பது மணிக்குச் சட்டையை இன் பண்ணிப் போய்ப் பழகியவருக்குத் திண்ணையில் உட்கார முடியவில்லை. அவரோடு அதே மையத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியமே பி.எஃப். கணக்கில் வருவதுதான். அதன் குறைந்தபட்சத் தொகை 2014-இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். ஆயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இனி அவர் வேலை தேடிய கதை. மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ஜவுளிக் கடை. வாடிக்கையாளர் சேவையில் அனுபவம் இருக்கிறது என்று சொன்னார். முதலாளி பயோடேட்டாவைத் திருப்பிப் பார்த்தார். "சொந்த ஊரு எது?" சொன்னார். "அங்க எந்தப் பக்கம்?" அதையும் சொன்னார். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அனுப்பவில்லை.

இன்னொன்று ஒரு தங்கும் விடுதி. பழைய வீட்டைப் புதுப்பித்து வெளிநாட்டு விருந்தினர்களுக்கு விடுகிற இடம். வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இவர் போனதும் தோட்ட வேலை இருக்கிறது என்றார்கள்.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் போன கதை. பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. உரிமையாளர் வெளியூரில். காவலுக்கு ஆள் வேண்டும். தரகர் சொன்னாராம், "முகப்புலயே இருந்துக்கங்க, வளவுக்குள்ள போக வேண்டியதில்லை. கூட்டிப் பெருக்க வேற ஆள் வருது." செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு முகப்புக்கும் வளவுக்கும் நடுவில் இருப்பது ஒரு நிலைவாசல்தான் என்று தெரியும். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வீட்டு வளவுல போன் கனெக்சன் குடுத்ததே நான்தாண்டா. அப்ப உள்ள கூட்டிப் போயி காபி குடுத்தாக."

அன்று உள்ளே போனது அவரா, துறையின் அடையாள அட்டையா? பல நாள் யோசித்துவிட்டேன். அட்டை போனதும் ஊரும் தெருவும் திரும்பி வந்துவிட்டன என்றுதான் தோன்றுகிறது.

இது ஒரு பெரியப்பாவின் தனிக்கதை இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி, ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தனியார் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம் என்ற அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றார்கள். "அங்க எந்தப் பக்கம்?" என்பதன் ஆங்கில வடிவம் அது.

இப்போது பெரியப்பாவின் மகனுக்கு வருவோம். பொறியியல் படித்தவன். தனியார் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில், தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு புகார் கேட்கிறான். அப்பா செய்த அதே வேலை. ஆனால் பதினோரு மாத ஒப்பந்தம். அப்பாவின் பணியிடத்துக்கு ரோஸ்டர் பதிவேட்டில் ஒரு புள்ளி இருந்தது. இந்தப் பணியிடம் யாருக்கு என்று எழுதிவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. மகனின் இருக்கைக்கு அப்படி எந்தப் பதிவேடும் இல்லை. 45 நாட்களுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசின் ஆணை இருக்கிறது. ஆனால் வேலையை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால், "நாங்கள் யாரையும் நியமிக்கவே இல்லையே" என்று அரசு நிறுவனம் சொல்லிவிடும். இடஒதுக்கீட்டை எதிர்த்து ஊர்வலம் போனவர்களால் முடியாததை ஒரு டெண்டர் தாள் செய்துவிட்டது.

நம் இயக்கங்கள் மீதும் எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் ஓர் இடம் பறிபோனால் தெருவுக்கு வருகிறோம். சரிதான். ஆனால் 2020 ஜனவரி 31 அன்று காலியான நாற்காலிகளில் எத்தனை இடஒதுக்கீட்டு நாற்காலிகள் என்று எத்தனை பேர் கேட்டோம்? அன்று நானும் கேட்கவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன், தலைப்பு வீட்டிலேயே இருந்தது. இங்கே இருப்பவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். நம் மாவட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு பொதுத்துறை அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். ரோஸ்டரில் எத்தனை புள்ளிகள், நிரம்பியவை எத்தனை, ஒப்பந்தத்துக்குப் போனவை எத்தனை என்று மூன்றே கேள்விகள். கட்டணம் பத்து ரூபாய்.

பயோடேட்டாவை அடித்துக் கொடுத்துவிட்டேன். 'முந்தைய பணி' என்ற இடத்தில் என்ன போட வேண்டும் என்று கேட்டேன். "பள்ளம் தோண்டுனதுல இருந்து போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

அவர் இங்கேதான், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஒப்பந்த வேலையில் இருக்கிற தோழர்கள், பி.எஃப். கணக்கில் பெயர் தப்பு, பிறந்த தேதி தப்பு என்று அலைகிறவர்கள், தாளைக் கையோடு கொண்டுவந்திருந்தால் கூட்டம் முடிந்ததும் அவரிடம் காட்டுங்கள். டோக்கன் தேவையில்லை. கண்ணாடி மட்டும் கொண்டுவர மறந்துவிட்டாராம், கொஞ்சம் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது.