கட்டப்படாத கட்டடங்களைக் கற்றல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரொன்றில் கட்டடக்கலை பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் 'பரீட்சார்த்தம்' என்ற சொல் உங்களுக்குப் புதியதல்ல. பரீட்சார்த்த நாடகம் என்கிறோம், பரீட்சார்த்தச் சிறுகதை என்கிறோம். அதே அடைமொழியைத் தாங்கிய கட்டடக்கலைக் கல்வியும் உண்டு. லண்டனில் முதுமாணிப் பட்டத்துக்காக அதனை நான் பயின்றேன். அங்கே என்ன கற்பிக்கிறார்கள், அதில் நமக்குக் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதற்பட்டம் பெறும் மாணவன் கட்டடமொன்றை எவ்வாறு கட்டுவது என்று கற்கிறான். அத்திவாரம், சுவர், கூரை, நீர்வடிகால், செலவு மதிப்பீடு எல்லாம் அதில் அடங்கும். பரீட்சார்த்த வடிவமைப்பை முதுமாணி நிலையில் பயில்பவனோ, ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறான். இப்பொருள் எவ்வளவு வளையும்? இந்தக் கூரை தூணின்றி நிற்குமா? ஒரு வீடு வளர்ந்துகொண்டே போகலாமா? இவ்வாறான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதிரியுருக்கள் செய்து, உடைத்து, மீண்டும் செய்து, ஈற்றில் நடுவர் குழுவின் முன் சுவரில் வரைபடங்களை ஒட்டி நின்று விளக்கமளிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை இல்லை. எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் அந்த விவாதமே பரீட்சை.

இந்த விவாத மரபுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847இல் லண்டனில், கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களில் தொழில் பழகிய இளைஞர்கள் தமக்குக் கிடைத்த பயிற்சியில் திருப்தியின்றித் தாமே கூடி, ஒருவர் வரைந்ததை மற்றவர் விமர்சிக்கத் தொடங்கினர். அதுவே 'ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன்' என்னும் கல்லூரியாக வளர்ந்தது. நமது நாட்டின் மினட் டி சில்வாவும் ஜெஃப்ரி பாவாவும் பயின்ற இடம் அது. சட்டம் படித்திருந்த பாவா, அங்கு கற்று 1957இல் கட்டடக் கலைஞராகத் தகைமை பெற்றபோது அவருக்கு வயது 38. அல்வின் போயாஸ்கி என்பவர் 1971 முதல் 1990 வரை அக்கல்லூரிக்குத் தலைமை வகித்தார். அக்காலத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தத்தம் கொள்கையோடு தனித்தனி அலகு நடத்த, மாணவர் தமக்கு உகந்ததைத் தெரிந்து சேர்ந்தனர். இன்று அங்குள்ள வடிவமைப்பு ஆய்வுகூடத்தின் முதுமாணிக் கற்கை 16 மாதங்கள் நீள்கிறது. மாணவர் தனித்தனியே அன்றிக் குழுவாகவே வேலை செய்கின்றனர்.

பரீட்சார்த்தக் கட்டடம் என்றதும் விநோதமாக நெளியும் உருவங்களையே பலர் நினைக்கின்றனர். அது பாதி உண்மைதான். மறுபாதியை விளக்க, ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்வோம். இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தன் பாரத்தால் ஒரு வளைவைத் தானே எடுக்கும். அவ்வளைவில் இழுவிசை மட்டுமே உண்டு. அதே வளைவைத் தலைகீழாகக் கல்லில் கட்டினால், அமுக்கம் மட்டுமே உள்ள வில்வளைவு கிடைக்கும். கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. ஆகவே அதுவே கல்லுக்கு உகந்த வடிவம். ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்த உண்மை இது. பார்சலோனாவுக்கு அண்மையில் ஒரு தேவாலயத்தை வடிவமைத்த அந்தோனி கௌடி, நூல்களில் ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைத் தொங்கவிட்டுச் சுமார் பத்தாண்டுகள் இந்த முறையிலே ஆராய்ந்தார். ஈற்றில் அத்தேவாலயத்தின் கீழ்த்தளம் மட்டுமே கட்டி முடிந்தது.

ஜேர்மனியரான ஃப்ரை ஒட்டோ சவர்க்காரப் படலத்தை ஆசிரியராகக் கொண்டவர். கம்பி வளையத்தைச் சவர்க்கார நீரில் தோய்த்து எடுத்தால், அந்த எல்லைக்குள் ஆகக் குறைந்த பரப்பளவுள்ள வடிவத்தைப் படலம் தானாகவே எடுக்கும். அதிலிருந்து கூடாரக் கூரைகளின் வடிவத்தை அவர் கற்றார். 1964இல் ஸ்டுட்கார்ட்டில் இலகு கட்டமைப்புகளுக்கான நிறுவகத்தைத் தொடக்கினார். 1972 மியூனிச் ஒலிம்பிக் மைதானக் கூரை அவரது ஆய்வின் பயன்களுள் ஒன்று. அதே ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 2010இல் ஆய்வாளரும் மாணவரும் சேர்ந்து, 6.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகைக் கீற்றுகளை வளைத்தே ஒரு மண்டபத்தை நிறுத்திக் காட்டினர்.

இனி, கடதாசியிலேயே தங்கிவிட்ட கட்டடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈராக்கில் பிறந்த ஸஹா ஹதீத் 1983இல் ஹொங்கொங் போட்டியொன்றில் வென்றார். அந்தக் கட்டடம் கட்டப்படவேயில்லை. ஜேர்மனியில் அவரது தீயணைப்பு நிலையம் எழும்ப 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் பலர் கடதாசிக் கட்டடக் கலைஞர் என்றனர். ஆயினும் அவர் தீட்டிய சித்திரங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை மாணவர் வரையக் கற்றனர். அச்சேறாத கையெழுத்துப் பிரதி ஒன்று கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டு, அச்சேறிய நூல்களின் போக்கையே மாற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம். எனவே கட்டப்படாதது என்பதனால் மட்டும் ஒரு வடிவமைப்பைப் பயனற்றது எனத் தள்ளிவிட நான் ஒருப்படேன்.

அப்படியாயின், எதைக் கொண்டு தள்ளுவது? இக்கேள்வி எனக்கு வெறும் கல்விசார் கேள்வியாக இருக்கவில்லை. எங்கள் குழுவில் நால்வர் இருந்தோம். மெல்லிய மரக் கீற்றுகளால் ஆணியின்றிக் கூரை பின்னலாமா என்று ஆராய்ந்தோம். நடுவர்களுள் ஒருவர் வடிவத்தைப் பாராட்டினார். இன்னொருவர், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், அதன் கீழ் யார் இருப்பார்கள் என்று கேட்டார். கூரை இழப்பது என்றால் என்னவென்று அறிந்த ஊரிலிருந்து போனவன் நான். 2009இல் வன்னி மக்கள் முகாம்களில் கூடாரங்களுக்குள் இருந்ததை நாம் அறிவோம். அந்த நாட்டவன் ஒருவன் லண்டனில் அமர்ந்து வளைவுகளை ஆராய்வது தகுமா? தகும் என்பதே நான் கண்ட விடை. ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் அது தகும்.

ஃப்ரை ஒட்டோவின் கதையையே பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அவர் விமானி. பிரான்ஸின் ஷாத்ர் நகருக்கு அண்மையில் போர்க் கைதியாக இருந்தபோது, முகாமின் கட்டட வேலைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே பொருட்கள் அருமை. குறைந்த பொருளில் நிறைந்த பயன் என்ற அவரது வாழ்நாள் ஆய்வு அந்தத் தட்டுப்பாட்டில் வேர்கொண்டது. அவருடன் 2000ஆம் ஆண்டு ஹனோவர் கண்காட்சியின் ஜப்பானிய மண்டபத்தில் இணைந்து பணியாற்றிய ஷிகேரு பான், கடதாசிக் குழாய்களால் கட்டடம் எழுப்பியவர். 1990களில் ருவாண்டா அகதிகளுக்கான கொட்டில்களுக்கு அக்குழாய்களைப் பரிசோதித்தார். அதே மனிதர் சுனாமிக்குப் பின் நமது கிரிந்தைக்கு வந்தார். ஆனால் கடதாசிக் குழாயை அங்கே கொண்டுவரவில்லை. அழுத்திய மண்கட்டிகளால் சுவரும், உள்ளூர் றப்பர் மரத்தால் தடுப்புகளும் தளபாடமும் செய்தார். சமையலறையும் குளியலறையும் வீட்டோடு வேண்டும் என்றனர் முஸ்லிம் மீனவ மக்கள். அவை வாழும் அறைகளிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றது அரசாங்கம். இரண்டுக்கும் இடையே கூரையிட்ட முற்றமொன்றை வைத்தார். விருந்தினர் வந்தால் பெண்கள் உள்ளே ஒதுங்கவும் அது வழிசெய்தது. நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த முற்றத்தின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

கேட்டறிதலும் ஒரு பரிசோதனையே. மினட் டி சில்வா 1950களில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்துக்காக, குடியேறவிருந்தவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்களின் தேவைகளை அறிந்த பின்னரே வரைந்தார். கணினி இல்லாத காலத்து ஆய்வு அது. இன்றைய ஆய்வுகூடங்கள் பலவற்றிலும் நான் காணாத பகுதியும் அதுவே.

இக்கல்வியின் குறைகளையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். பிறநாட்டு மாணவருக்குக் கட்டணம் பெருஞ்சுமை. ஆகவே யார் பரிசோதிக்கலாம் என்பதைப் பணம் ஓரளவு தீர்மானிக்கிறது. கணினி ஒரே இரவில் நூறு வடிவங்களைத் தந்துவிடுவதால், அந்த நூற்றில் ஒன்றை ஏன் தெரிந்தோம் என்று சொல்லத் தெரியாத மாணவர் பெருகுகின்றனர். சில ஆய்வேடுகளின் மொழிநடையோ, நமது சில விமர்சகர்களின் நடையைப் போலவே, தெளிவின்மையை ஆழமெனக் காட்டுவதாக உள்ளது.

பரிசோதனை என்றால் அது தோற்பதற்கும் இடமிருக்க வேண்டும். எது நடந்தால் தோல்வி என்று முன்கூட்டியே சொல்ல முடியாத வேலை, பரிசோதனை அன்று, அலங்காரம். நமது பரீட்சார்த்தக் கவிதைக்கும் நாடகத்துக்கும் இது பொருந்துமென்றே எண்ணுகிறேன். இன்னொன்று: அந்தத் தோல்வி ஆய்வுகூடத்திலே நிகழ வேண்டும், குடியிருப்பவர் தலைமேல் நிகழக் கூடாது. நான் குறிப்பிட்ட நிபந்தனை இதுவே.

2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நமது வெயிலில் அவற்றுள் இருக்கலாமா, விறகடுப்புக்கு இடமுண்டா, பழுதுபட்டால் ஊர் மேசன் திருத்துவாரா, பிள்ளைகள் வளர ஓர் அறை கூட்டிக் கட்டலாமா என்று மக்களும் பொறியியலாளரும் கேட்டனர். அவை லண்டன் நடுவர் குழுவொன்று கேட்டிருக்க வேண்டிய அதே கேள்விகள். அவற்றைக் கேட்க முதுமாணிப் பட்டம் தேவைப்படவில்லை. ஆனால் அவற்றுக்கு விடைகாண, அளந்து, உடைத்து, திருத்திப் பார்க்கும் பயிற்சி தேவை. பனங்கீற்றும் கிடுகும் சுண்ணக்கல்லும் நம்மிடம் உண்டு. அவை எவ்வளவு தாங்கும், எவ்வளவு காலம் நிற்கும் என்று முறையாக ஆராய்வோர் இன்னும் சிலரே.

பரீட்சார்த்த வடிவமைப்பைப் படிக்கப் புறப்படும் இளையவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், ஒன்றே சொல்வேன். எந்தக் கல்லூரி, எந்தக் கணினி மென்பொருள் என்று விசாரிப்பதற்கு முன்னர், எந்தக் கேள்வியோடு போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். அக்கேள்வி உங்கள் ஊரிலிருந்து எழுந்ததாக இருந்தால், அதன் விடை எந்த ஊருக்கும் பயன்படும்.