அடுத்த வேளை மாத்திரைக்குத் தண்ணீர்



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. பேருந்தில் ஏறிய பணியாளர் ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துத் தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும் கொடுக்கவில்லை. "மாத்திரை போடோணும் கண்ணு" என்றார். "போட்டுட்டே குடுங்கம்மா" என்று அந்தப் பணியாளர் காத்து நின்றார். பாட்டி மாத்திரையை விழுங்கி, மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு வெறும் பாட்டிலை நீட்டினார்.

2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் தண்ணீர்ப் பாக்கெட் உண்டு, பாட்டில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களுக்கு நீலகிரி மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. போடத்தான் வேண்டும். மலைப்பாதையில் ஜன்னல் வழியாக எறிந்த பாட்டில் பள்ளத்தில் உருண்டால், இறங்கி எடுக்க ஆள் கிடையாது. காட்டு விலங்குகளின் காலடியில் கிடக்கும்; மழை பெய்தால் ஓடையில் இறங்கும். இந்த மலைத் தண்ணீரில் பெரும்பகுதி பவானிக்கும் மோயாற்றுக்கும் போகிறது. மேலே எறிந்தது கீழே நாம் குடிக்கிற ஆற்றுக்குத்தான் வந்து சேரும்.

பாட்டிலுக்குப் பதிலாக, காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்களை மாவட்டத்தில் பல இடங்களில் வைத்தார்கள். தடையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பண்டனூன் என்ற சிற்றூர். 2009இல் ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுத்தார்கள். கடைக்காரர்கள் பாட்டில் தண்ணீர் விற்பதைத் தாங்களாகவே நிறுத்தினார்கள். சட்டம், அபராதம் எதுவும் இல்லை. ஆனால் வடிகட்டிய நீரை இலவசமாகத் தரும் குழாய்களைத் தெருவில் வைத்தார்கள். தாகத்துக்கு வழி இருந்ததால் ஊரே சேர்ந்து நின்றது.

நான் மலையேறிய அன்று, முதலில் கண்ட இயந்திரத்தில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது. கையிலிருக்கும் பாட்டிலை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு, அடுத்த வேளை மாத்திரைக்குத் தண்ணீர் தரும் கடமையும் உண்டு. ஏப்ரல், மே மாதக் கூட்டம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டாமா?

அந்தப் பாட்டி அங்கே நிற்கவில்லை. பையிலிருந்து எவர்சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் கொதிக்கும் பாய்லரைத் திறந்து, சொம்பு நிறைய வெந்நீர் பிடித்து, சூடு தாங்கத் துணியும் சுற்றிக் கொடுத்தார்.