யாருடைய மனம் புண்படுகிறது?

(வைத்திக்குப்பத்தில் இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாசிமகத்தன்று மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்குத்தான் வருகிறார். அவரோடு வந்து மணலில் நிற்கும் மக்களின் நம்பிக்கையைக் கேலி செய்ய நான் வரவில்லை. என் கேள்வி வேறு. 'மத உணர்வு புண்பட்டது' என்கிறார்களே, யாருடைய மனம் புண்பட்டால் அது கணக்கில் வருகிறது?

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2024 மார்ச் 29 அன்று காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை மாணவர்கள் 'சோமாயணம்' என்ற நாடகத்தை நடத்தினார்கள். இராமாயணப் பாத்திரங்களின் பெயரையும் கதையையும் சற்றே மாற்றிப் பார்த்த நாடகம். ஏபிவிபி போராட்டத்தில் இறங்கியது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது, காவல்துறை வழக்குப் பதிந்தது. இராமாயணத்தைத் திருப்பிப் படிப்பது தமிழுக்குப் புதிதா? புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' வந்தது 1946-இல். 1948-இல் தடை செய்தார்கள். தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து, பக்கத்து மாவட்டமான விழுப்புரத்துக்கு வாருங்கள். 2023 ஏப்ரலில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில், உள்ளே சென்று கும்பிட்ட தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோவிலுக்குச் சீல் வைத்தார்கள். சாமி கும்பிடப் போனவர் சாமி முன்னாலேயே அடி வாங்குகிறார். அவரும் பக்தர்தானே? அதை வன்கொடுமை என்றார்கள், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றார்கள். 'பக்தரின் மத உணர்வு புண்பட்டது' என்று நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.

ஒரு நாடகத்தின் வசனம் காதில்தான் விழுகிறது. மேல்பாதியில் அடி உடம்பில் விழுந்தது. ஆனால் இந்த நாட்டில் மனம் புண்படுவதற்கும் சாதித் தகுதி வேண்டியிருக்கிறது.

மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கிய 295ஏ பிரிவு 1927-இல் வெள்ளையர் ஆட்சியில் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. பெண்களைப் பற்றி மனு என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொன்னதற்காக 2020-இல் தோழர் திருமாவளவன் மீது வழக்குப் போட்டார்கள். மனுஸ்மிருதியோ கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதில் இழிவுபடுத்தப்பட்டவர்கள் அதை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்கும் உரிமையைத்தான் கேட்கிறேன்.

இதுவரை நீங்கள் கைதட்டினீர்கள். இனி சொல்வதற்குக் கைதட்டல் வராமல் போகலாம்.

2017 மார்ச் 16 அன்று கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் பாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அப்போது நான் மாணவன். எதையாவது எழுதினால் சங்கிகள் அதை முஸ்லிம் மக்களுக்கு எதிராகத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்து சில நாள் எதுவும் எழுதவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் என் மௌனம் அந்த மக்களில் ஒருவரையும் காப்பாற்றவில்லை. பாரூக்கைப் போலவே கேள்வி கேட்க நினைத்த ஏதோ ஓர் இளைஞரைத்தான் தனியாக விட்டது.

சிறுபான்மை மக்களின் குடியுரிமைக்கும் உயிருக்கும் துணை நிற்பது நம் கடமை. அந்த மதத்துக்குள்ளிருந்து கேள்வி கேட்பவருக்குத் துணை நிற்பதும் அதே கடமைதான். ஒன்றைச் செய்ய மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

அடுத்த முறை 'மனம் புண்பட்டது' என்ற செய்தி வரும்போது, மதத்தின் பெயரை மட்டும் மாற்றி வைத்து ஒருமுறை படியுங்கள். உங்கள் தீர்ப்பு மாறினால், அதைப் பகிர்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். எதிரியின் இரட்டை வேடத்தைச் சொல்லும் தகுதி அப்போதுதான் நமக்கு வரும்.