வேட்டைக்காரனுக்குப் புதுத் தோட்டா வேணுமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நினைவலைகள்" என்ற தலைப்பில் பேசும்படி தலைவர் பணித்தார். ஆனால் காலையில் கேன்டீன் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் வந்து பேச்சுக் கொடுத்தான். வீடு குலசேகரம் பக்கம். மரச்சீனியும் வாழையும் போட்டிருக்கிறார்களாம். காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் விளையைக் கிளறிப் போட்டுவிடுகிறது. "சார், பக்கத்துல கேரளாவுல சுட அனுமதி குடுத்திருக்காங்களே. நமக்கும் நல்ல புது ரைஃபிளும் புதுத் தோட்டாவும் குடுத்தா என்ன?" என்று கேட்டான். தோட்டாக்களின் எண்களையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான். எங்கே படித்தாய் என்றால் செல்போன் விளையாட்டிலாம்! சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. நினைவலைகளை நடுவில் கலந்துகொண்டு அவனுக்கே பதில் சொல்கிறேனே.

நாங்கள் படித்த காலத்தில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளும் .303 ரைஃபிளும் சுடப் பழக்குவார்கள். முதல் நாள் .303-ஐச் சுட்டபோது தோள்பட்டை வீங்கிப்போனது. குண்டு எங்கே போனது என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். .22-இல் மட்டும் ஐந்துக்கு நாலு அட்டையில் விழும். ஹவில்தார் சிரித்துக்கொண்டே, "பெரிய சத்தத்தைப் பார்த்துக் கண்ணை மூடிட்டே, அதான்" என்றார். இன்றைய பேச்சின் பாதி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

மீதிப் பாதி இயற்பியல். வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல். 1890-களில் ஸ்பெயின் ராணுவத்துக்காக வந்தது 7 மி.மீ. மவுசர் தோட்டா. அதில் 9 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 810 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கணக்குப் போட்டால் 2,950 ஜூல். இன்று எல்லாரும் புகழும் 6.5 கிரீட்மூர் 2007-இல் வந்தது. அதே 9 கிராம், சுமார் 820 மீட்டர், 3,030 ஜூல். நூற்றுப் பதினைந்து வருஷத்தில் கூடியது இவ்வளவுதான். கிரீட்மூரின் குண்டு நீளமும் ஒல்லியுமானது. ஆகவே காற்றில் குறைவாக விலகும்; ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் அதன் அருமை தெரியும். நம் மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்திலோ ஈத்தக்காட்டிலோ ஐம்பது மீட்டருக்கு மேல் ஒரு மிருகத்தைத் தெளிவாகப் பார்க்க முடியுமா? அந்தத் தூரத்தில் இரண்டு தோட்டாவும் ஒன்றுதான். அதிகச் சக்தி வேண்டுமென்றால் 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் இருக்கிறது, 4,700 ஜூல் வரும். உதையும் அதற்கேற்றபடி வரும். மறுபடியும் கண்ணை மூடுவோம்!

இந்தத் தோட்டாக்கள் எல்லாம் யாருக்காகப் பிறந்தன என்று பாருங்கள். 7 மி.மீ. மவுசரும், 1906-இல் வந்த .30-06-உம் பட்டாளத்துக்காகப் பிறந்தவை. கிரீட்மூர் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காக. நம் நாட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 1907-இல் வெள்ளைக்கார அரசு .450 அளவு ரைஃபிளை இந்தியாவில் தடை செய்தது. பழைய ராணுவத் துப்பாக்கிக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்ற பயம். உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளில் யானைத் தோட்டா செய்து விற்றன. யானையின் தோல் அந்த வருஷம் தடித்துவிடவில்லை, சட்டம்தான் மாறியது. சுதந்திரத்துக்குப் பிறகும் .303 பட்டாளத்துச் சரக்காகவே இருந்ததால், நம் ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு .315 ரைஃபிள் செய்து கொடுத்தன. அதுவும் சட்டத்தின் பிள்ளைதான்.

சரி, பழைய தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்குப் பரிசாக ஒரு ரிக்பி .275 ரைஃபிள் பெற்றார். மேலே சொன்ன 7 மி.மீ. மவுசருக்கே ரிக்பி கம்பெனி வைத்த பெயர் அது. 1930-இல் சௌகர் புலியை அவர் சுட்டது .275-இல்தான், சில அடி தூரத்தில், ஒற்றைக் கையால். நம் பக்கம் வந்தால் கென்னத் ஆண்டர்சன். பழைய சேலம் மாவட்டக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர். அவர் கையில் இருந்தது 1904-இல் வந்த .405 வின்செஸ்டர். பெரும்பாலும் அதையே நம்பினார். சுவீடனில் 1894-இன் 6.5 மி.மீ. தோட்டாவால் நானூறு கிலோ எடையுள்ள மூஸ் மான்களை இன்றும் வேட்டையாடுகிறார்கள்.

புதுமையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கரிமருந்து போய்ப் புகையில்லா மருந்து வந்தது 1880-களில். அது உண்மையான மாற்றம். இன்னொன்று ஈயமில்லாத செப்புக் குண்டு. ஈயம் சிதறிய இறைச்சியைத் தின்று கழுகுகள் செத்ததால், கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. புதுத் தோட்டா என்று ஆசைப்படுகிறவர்கள் இதற்கு ஆசைப்படட்டும்.

இப்போது என் நினைவலை ஒன்று. எங்கள் பாட்டாவிடம் லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்திய காலம். ஒரு ராத்திரி மரச்சீனி விளையில் சித்தப்பா தூரத்தில் நின்றே பன்றியைச் சுட்டுவிட்டார். பட்டது, விழவில்லை. "போட்டும், எங்கயாவது கெடந்து சாவும்" என்றார். பாட்டா விடவில்லை. "லேய், சுட்டவன் பொறத்தால போணும். இல்லேன்னா சுடப்பிடாது." மறுநாள் விடியலில் கிளம்பி உச்சிவரை ரத்தத்தடம் பார்த்துத் தேடினார்கள். நானும் பின்னாலே ஓடினேன். ஓடைக்கரையில் தாடை உடைந்து, தண்ணீர் குடிக்க முடியாமல் அது நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. பாட்டா பத்தடிவரை போய்த்தான் அடுத்த வெடி வைத்தார். வீடு வரும்வரை யாரும் பேசவில்லை. அதன்பின் சித்தப்பா துப்பாக்கியைத் தொடவே இல்லை.

தூரத்துத் தோட்டாவின் ஆபத்து இதுதான் தம்பி. நெருங்கிப் போகும் பொறுமையை அது நம்மிடமிருந்து பிடுங்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ரைஃபிள் குண்டு தவறினால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போகும். நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,110 பேர். மாநில சராசரிக்கு இரண்டு மடங்கு. அந்தக் குண்டு யார் வீட்டு முற்றத்தில் போய் விழும்? பழைய 12 போரில் எல்.ஜி. தோட்டாவின் வீச்சு சில நூறு மீட்டரோடு முடிந்துவிடும். இந்த ஊருக்கு அதுவே தோது.

அதையும் நீயும் நானும் எடுத்துச் சுட முடியாது. கேரளாவில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின்பேரில் லைசென்ஸ் உள்ளவர்கள் சுட வழி செய்தார்கள். வெடி, விஷம், மின்சாரம் கூடாது என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தது வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். காட்டை ஒட்டி விளை வைத்திருப்பவனுக்கு இது போதாது என்று உனக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். அதைக் கிராமசபையில் பேசு, இழப்பீட்டுக்கு மனு எழுது, வனத்துறை ஆளை விளைக்கே கூட்டிவந்து காட்டு.

ஆனால் அந்தக் கோபத்தில் அவுட்டுக்காய் வைக்கவோ, வேலியில் கரண்டு கொடுக்கவோ யாராவது சொன்னால் கேட்காதே. 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த தீனியைக் கடித்துச் சினை யானை ஒன்று வாய் கிழிந்து ஆற்றுத் தண்ணீரிலே நின்று செத்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளியில் மின்வேலியில் பட்டு மூன்று யானைகள் செத்தன. அங்கே எல்லாம் வேட்டைக்காரன் என்று ஒருவன் இல்லவே இல்லை. வைத்தவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னாலே போக யாரும் இல்லாத வேட்டை அது.

தம்பி, பட்ட மிருகத்தின் பின்னாலே போக ஆள் இருந்தால் பாட்டா காலத்துத் தோட்டா போதும். ஆள் இல்லையென்றால் எந்தப் புதுத் தோட்டாவும் பத்தாது.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது; பாயசம் ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.