நாட்டுப்புற மருத்துவப் பணியும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளரவர்கள் என்னைப் பணித்தார்கள். கல்வி மிக விரிந்தது. ஆதலின் அதன் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிற்றூர்களில் நோயுற்றாரைப் பேணுதற்குரியாரை எங்ஙனம் தேர்வது, எங்ஙனம் பயிற்றுவது என்பதே அது.

திருவள்ளுவனார் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனின்று பேணுவோன் என்பன அவை. நான்காமவனுக்கு 'உழைச்செல்வான்' என்று பெயரிட்டார். நாமோ மருத்துவர் இல்லை, மருந்து இல்லை என்று முறையிடுகின்றோம், உழைச்செல்வாரை நினைப்பதேயில்லை.

நினைந்தாரும் உளர். வேலூரில் 1900-ஆம் ஆண்டில் ஒரே கட்டிலுடன் பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். தாதியர் பள்ளி முந்தியது, மருத்துவப் பள்ளி பிந்தியது என்பதை நோக்குக.

அவ்வேலூரிற் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் 1970-இல் மகாராட்டிரத்தில் ஜாம்கேட் என்னும் வறண்ட பகுதியிற் பணி தொடங்கினர். பயிற்சி பெற்ற தாதியரை வெளியிலிருந்து அழைத்து ஊர்களில் அமர்த்த முதலில் முயன்றனர், அம்முயற்சி வேரூன்றவில்லை. பின்னர், ஊராரே தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்தனுப்புமாறு செய்தனர். வந்தவருட் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அவருள் இருந்தனர். வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து பயின்று ஊர் திரும்பினர். கருவுற்றாரைக் கண்காணித்தல், பிரசவத்தில் தூய்மை பேணல், வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீர் ஊட்டல் முதலியன கற்றனர். தம்மால் ஆவது எது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தகுவது எது எனப் பகுத்தறிதலையும் கற்றனர். ஓரிடத்தில் உண்டும் உறங்கியும் பயின்றமையால் அவரிடைச் சாதிப் பிரிவும் தளர்ந்தது. 1979-இல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இதனால், மருத்துவர் வேண்டா என்று கூறினேனல்லேன். ஊரிற் பிறந்தாரே ஊரில் நிலைப்பர் என்பதே யான் கூறவந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், நாட்டுப்புறப் பிள்ளைகளையே இப்படிப்புகளுக்கு மிகுதியாகச் சேர்க்க வேண்டுமென்றும், பணிபுரியும் உடன்பாட்டின்மேல் உபகாரச் சம்பளம் அளிக்கலாமென்றும், தங்குவதற்குத் தக்க வசதி வேண்டுமென்றும் கூறியது. இந்திய அரசாங்கம் 2005-இல் வகுத்த 'ஆஷா' திட்டமும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவராக, அவ்வூர்ப் பெண்ணையே தேர்தல் வேண்டும் என்று விதித்தது.

நிற்க. நாம் செய்யத்தக்கது யாது? சமவெளியில் 5,000 பேருக்கும், மலைநாட்டில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசாங்கத்தின் நெறி. கட்டடம் எழுப்புதல் அரசாங்கத்தின் கடமை. ஆயின் அதனுள் இருக்க வேண்டிய செவிலி எவர் வீட்டிலிருந்து வருவாள்? 'தாதித் தொழிலுக்கு அனுப்பினால் மணம் அமையாது. பிறர் அழுக்கைத் துடைப்பது நம் குலத்துக்கு ஆகாது' என்று நம்முட் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவர் வீட்டில் நள்ளிரவில் பிரசவ வலி எழுந்தால் தேடுவது யாரை? அவ்வழுக்கைத் துடைக்கும் கையையன்றோ! தாய் தன் மகவுக்குச் செய்வது இழிவன்றெனின், அதனையே கற்றறிந்து பிறர் மகவுக்குச் செய்வது எங்ஙனம் இழிவாகும்?

மற்றொன்றும் மனம் நொந்து கூறுகிறேன். ஊருக்கு வந்த செவிலியிடம் சாதி வினவி, வாடகைக்கு வீடு மறுப்பாரும் உளர். வீடு பெறாதவள் மாலைப் பேருந்தில் தன் ஊர் திரும்புவாள். அவ்விரவில் வரும் இடுக்கணுக்கு அவளையா நோவது?

ஆதலின் மூன்று வேண்டுகோள்களைச் சபையின்முன் வைக்கின்றேன். நம் கல்வி நிதியில் ஒரு பகுதியைச் செவிலியர் பயிற்சி பெறும் சிற்றூர்ப் பெண்களுக்கென ஒதுக்குக. சில்லாண்டு நாட்டுப்புறத்திற் பணிபுரியும் வாக்குறுதியை அவரிடம் பெறுக. நம்மவர் வாழும் ஊர்களில், எக்குலத்தவளாயினும் செவிலிக்கு வீடு கொடுக்குமாறு முன்னிற்க. மணம் பேசும் பெரியோர், இப்பணியைக் குறையாக எண்ணாது பெருமையாக எண்ணுக.

இவற்றைப் பொதுக்குழு தீர்மானமாக ஏற்குமாயின், சங்கம் என்னும் சொல்லுக்குப் பொருளுண்டாகும்.