கேட்டவர் தரும் சான்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் கூடியுள்ள அவையில், என் பொழுதுபோக்காகிய அமெச்சூர் வானொலியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சற்றே தயங்கினேன். ஆயினும், இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாகச் சொல்ல எண்ணிச் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்வதற்கு இதனினும் பொருத்தமான தலைப்பு வாய்க்காது என்று பின்னர்த் தெளிந்தேன். ஆகவே உங்கள் முன் நிற்கின்றேன்.

வானொலி என்றவுடன், நிலையம் பேச நாம் கேட்கும் வானொலியே நம் நினைவுக்கு வரும். அமெச்சூர் வானொலி அத்தகையதன்று. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் வீட்டிலேயே ஒலி பரப்பும் கருவியும் வாங்கும் கருவியும் அமைத்துக்கொண்டு, தம்மைப் போன்ற பிறரோடு வானலை வழியே உரையாடுவது அது. இவர்களை 'ஹாம்' என்று அழைப்பர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியருக்குப் பெரும்பாலும் அது 'வி.யு.' எனத் தொடங்கும். உலகில் வேறெவருக்கும் அக்குறி இராது. இதில் வணிகத்துக்கு இடமில்லை, ஊதியமும் இல்லை. 'அமெச்சூர்' என்னும் சொல்லின் இலத்தீன் வேரே 'அன்பு செய்பவன்' என்று பொருள்படும். நம் வட்டமும் அப்பொருளில் அமெச்சூர் வட்டம்தானே!

முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி வி.யு.2ஆர்.ஜி. வானலையில் பிரதமருக்கும் கடைக்காரருக்கும் அழைப்புக் குறி ஒன்றே முகவரி. பட்டங்களுக்கு அங்கே வேலையில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தினர் காலையில் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதற்கு 'நெட்', அதாவது வலை என்று பெயர். நெறியாளர் ஒவ்வொரு குறியாக அழைப்பார், அழைக்கப்பட்டவர் மட்டும் பேசுவார், மற்றையோர் கேட்பர். ஒரே அலைவரிசையில் இருவர் ஒருசேரப் பேசினால் இருவர் சொல்லும் கெடும். ஆதலால் ஹாமுக்கு முதல் பாடம், பேசுமுன் அலைவரிசை வெறுமையாக உள்ளதா என்று கேட்டுப் பார்ப்பதே.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் செப்புக் கம்பியைத் தென்னைக்கும் மாடிக்கும் இடையே கட்டினால் ஆன்டெனா ஆயிற்று. மேல்வானில் அயனி மண்டலம் என்றொரு பகுதி உள்ளது. பகலில் அதன் கீழடுக்கு இவ்வலைகளைப் பெரிதும் விழுங்கிவிடும். எனவே சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசலாம். ஞாயிறு மறைந்தபின் அக்கீழடுக்கு கரைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை கடல் கடந்து செல்லும். அதே கம்பி, அதே கருவி. இரவில் மட்டும் உலகம் விரிகின்றது. இரவில் எழுதும் கவிஞர்களுக்கு இது வியப்பளிக்காது என்று எண்ணுகின்றேன்.

நான் பயின்ற காலத்தில் மோர்ஸ் குறியீடு தேர்வுக்குக் கட்டாயம். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு அப்பன்னாட்டு விதியைத் தளர்த்திற்று. எனினும் விரும்பிக் கற்போர் இன்றும் உளர். அதில் புள்ளிக்கு ஓர் அளவு என்றால் கோட்டுக்கு மூன்று. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரையாகக் கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வகுத்த தொல்காப்பிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. எனக்குப் புதிதாயிருந்தது, மௌனத்துக்கும் அளவு உண்டு என்பதே. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று அளவு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. ஒரு புள்ளி 'இ' என்னும் ஆங்கில எழுத்து. இரு புள்ளிகளுக்கு நடுவே உரிய இடைவெளி விட்டால் இரண்டு 'இ'. இடைவெளி குறுகினால் ஒரே 'ஐ'. சொல்லாமல் விடும் இடத்தைச் சரியாக விடாவிட்டால் சொன்னதும் பிழையாகும்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகின்றேன்.

இரு ஹாம்கள் சந்தித்தால் முதலில் பரிமாறுவது நலம் விசாரிப்பன்று, கேட்பின் தரம். குரலில் பேசும்போது இரண்டு எண்கள் சொல்வர். முதலாவது, சொல் எவ்வளவு தெளிவு என்பது. ஒன்று முதல் ஐந்து வரை. அடுத்தது, ஒலி எவ்வளவு வலிமை என்பது. ஒன்று முதல் ஒன்பது வரை. '59' என்றால் முழுத் தெளிவு, மிகுந்த வலிமை. பேசுபவன் தன் குரலின் தரத்தைத் தான் அறியமாட்டான். கேட்பவர் சொன்னாலன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

உரிமம் பெற்று முதன்முதலாக நான் பேசியபோது, எனக்கு இக்கலையைக் கற்றுத்தந்த பெரியவரே மறுமுனையில் இருந்தார். வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். என் கை நடுங்கிற்று. "அருமை தம்பி" என்பார் என்று காத்திருந்தேன். "தம்பி, உங்களுக்கு 33. பாதிச் சொல் கரைந்து போகிறது. கம்பியின் இணைப்பைப் பாருங்கள்" என்றார். எனக்கு முகம் வாடிற்று. மாடியேறிப் பார்த்தேன். ஈயம் வைத்து ஒட்டிய இணைப்பு விட்டிருந்தது. அன்று அவர் அன்பினால் 59 சொல்லியிருப்பாராயின், நான் பல நாள் யாருக்கும் கேளாமல் பேசிக்கொண்டே இருந்திருப்பேன்.

எங்களிடமும் ஒரு குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிகள் நடக்கும் நாள்களில், ஒலி எப்படியிருப்பினும் எல்லாரும் எல்லாருக்கும் 59 என்றே சொல்லி அடுத்தவரை அழைப்பர். அவ்வெண்ணுக்கு அப்போது பொருளே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அன்பர்களே, நம் மாதக் கூட்டங்களில் இப்பத்தாண்டுகளில் நாம் ஒருவர்க்கொருவர் தந்தது பெரும்பாலும் அந்தப் போட்டி நாளின் 59 அல்லவா? "அருமை", "சிறப்பு" என்றோம், கைதட்டினோம், நம் கவிதையை வாசிக்கும் முறைக்காகக் காத்திருந்தோம். நானும் அவ்வாறே செய்தேன். அணிந்துரை கேட்டவருக்கெல்லாம் 59 எழுதிக் கொடுத்திருக்கின்றேன். ஒரு தோழர் மூன்றாண்டுகள் கவிதை வாசித்துவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார். காரணம் கேட்டேன். "எல்லாரும் பாராட்டினார்கள், ஒருவராவது கேட்டாரா என்று தெரியவில்லை" என்றார். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது.

"கைபேசி வந்தபின் உங்கள் வானொலி எதற்கு?" என்று என்னைக் கேட்போர் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தனர். அத்தீவுகளிலிருந்து உலக ஹாம்களோடு உரையாடும் பொழுதுபோக்குக்காகவே அம்மாதத் தொடக்கத்தில் அங்குச் சென்றிருந்தனர். வழக்கமான தொடர்புகள் அறுந்தபோது, அப்பொழுதுபோக்குக் கருவிகளே தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உற்றாரின் நலச் செய்திகளைச் சுமந்தன. இத்தகைய வேளையில், கேளாததைக் கேட்டேன் என்பது பெருந்தீங்கு. ஒரு பெயர் பிழைத்தால் ஒரு வீட்டுக்குப் பொய்ச்செய்தி போய்ச் சேரும். எனவே பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதி செய்வதே நெறி. அமைதிக் காலத்தில் செவியைப் பழக்கியவருக்கே நெருக்கடியில் அது துணைவரும்.

ஹாம் ஒருவர் மறைந்தால் அவரை 'மௌன விசை' என்பது உலக வழக்கு. மோர்ஸ் விசையைத் தட்டும் கை ஓய்ந்தது என்பது கருத்து. என் ஆசானும் மௌன விசையானார். மறுநாள் காலை நெறியாளர் வழக்கம்போல் அவர் குறியை அழைத்து, அவர் பேசும் அளவுக்கு அலைவரிசையை வெறுமையாக விட்டார். நாங்கள் அனைவரும் அந்த வெறுமையைக் கேட்டோம். பின்னர் அவருடைய பதிவேட்டை அவர் மகன் என்னிடம் காட்டினார். என் முதல் உரையாடலுக்கு நேரே '33' என்றே எழுதியிருந்தது. எனக்குக் கிடைத்த பாராட்டு மடல்கள் அனைத்தினும் அவ்வெண் எனக்கு உயர்ந்தது. ஏனெனில் அவர் என்னைக் கேட்டதற்கு அது சான்று.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு கவிதையையேனும் முழுவதும் கேட்டு, எது வந்து சேர்ந்தது, எது வழியில் கரைந்தது என்று எழுதியவரிடம் அன்போடும் உண்மையோடும் சொல்வோம். அந்த முதல் கவிதை என்னுடையதாகவே இருக்கட்டும்.

விடைபெறும்போது ஹாம்கள் '73' என்பர். நல்வாழ்த்து என்பது பொருள். மோர்ஸில் அது இரண்டு கோடு, மூன்று புள்ளி. பின் மூன்று புள்ளி, இரண்டு கோடு. முன்னிருந்து கேட்டாலும் பின்னிருந்து கேட்டாலும் ஒன்றே. திருஞானசம்பந்தர் பதிகமாகவே பாடிய மாலைமாற்றை அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சொல்பவரும் கேட்பவரும் இடம் மாறினாலும் வாழ்த்து மாறாதிருக்கட்டும்.

அனைவருக்கும் 73.